இடது விளக்கு இல்லாத கார்

என் மகள் கட்டிய காரை நான் ஒரே ஒரு தடவைதான் நிறுத்தியிருக்கிறேன். சாலைக்கு நடுவில் நின்று நிறுத்தினேன். ஊரில் அதைப் பலவிதமாகச் சொல்கிறார்கள். சாமி வந்து குறுக்கே நின்றது என்றுகூட ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு பேச்சு இருக்கிறது. சாமி வரவில்லை. நான்தான் நின்றேன். ஏன் நின்றேன் என்பதை நானே சொன்னால்தான் சரியாக இருக்கும். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். இரண்டாம் வகுப்போடு சரி. ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகிறது. ஆகட்டும்.

எழுத்து வராதே ஒழிய எஞ்சின் எனக்கு வரும். கோம்பையில் எங்கள் கிணற்றடியில் ஆயில் எஞ்சின் இருந்தது. கல்யாணம் ஆகிற வரைக்கும் அதைச் சுற்றிக் கிளப்பியது நான்தான். எந்தச் சத்தத்துக்கு எது குறை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பிறகு தேனியில் என் வீட்டுக்காரர் பட்டறை போட்டார். லேத் வேலை, ஜீப் எஞ்சின் வேலை. பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. குழம்பு தாளிக்கும்போதே "அந்த ஜீப்புல மூணாவது சிலிண்டர் அடிக்கல" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பேன். அவர் பிரித்துப் பார்ப்பார். மூன்றாவதுதான் இருக்கும்.

அவர் போன பிறகு பட்டறையை என் மகள் எடுத்துக்கொண்டாள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். அப்போது இருபத்தாறு வயது. நல்ல கை. ஆனால் ஏலத்தோட்டத்து ஜீப்புகள் எல்லாம் ஒவ்வொன்றாக வேறு பட்டறைக்குப் போய்விட்டன. பொம்பளைப் பிள்ளை கை வைத்த எஞ்சினை நம்பி போடிமெட்டு ஏற முடியுமா என்று கேட்டார்களாம். என் காதுபடக் கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

போடியில் ஒரு தோட்டத்துக்காரர் இருந்தார். என் வீட்டுக்காரருக்குத் தம்பி மாதிரி. என்னை மதினி என்பார், என் மகள் அவரைச் சித்தப்பா என்பாள். பன்னிரண்டு ஜீப் வைத்திருந்தார். அவரும் எங்களை விட்டு வேறு பட்டறைக்குப் போனவர்தான். ஆனால் கூச்சத்தில் மாதம் ஒரு தடவை வந்து காப்பி குடித்துவிட்டுப் போவார். ஒருநாள் வந்தபோது புதுக் காரில் வந்தார். வெளிநாட்டுக் கார், இரண்டே இருக்கை, நாய் படுத்த உயரம். தேனி பஜாரே பின்னால் வந்தது.

"இருநூத்தம்பது போகும் மதினி," என்றார்.

"போயி? குமுளிச் செக்போஸ்ட்டுல நிக்கத்தானே போகுது," என்றேன்.

என் மகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து காரைச் சுற்றிப் பார்த்தாள். "சித்தப்பா, நம்ம சின்னக் காரு ஒண்ண இதுக்குச் சமமா ஓட வைக்கட்டா?"

"எது, அந்தச் செவப்பு டப்பாவா?" பட்டறை ஓரத்தில் யாரோ விட்டுப்போன பழைய சின்னக் கார் ஒன்று நின்றது. நான்கு பேர் உட்கார்ந்தால் முட்டி தாடையில் இடிக்கும். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏத்தா, அதுல ஆட்ட ஏத்தி ராயப்பன்பட்டி கொண்டு போகலாம். இதுகூட ஓடவா?"

"ஓடிட்டா?"

"ஓடிட்டா என் பன்னெண்டு ஜீப்பும் ஒன் பட்டறைக்குத்தான். உங்கப்பன் மேல சத்தியம்."

அப்பன் மேல் என்று அவர் சொன்னதும் என் மகள் முகம் மாறிவிட்டது. இனி அவளை நிறுத்த முடியாது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. நிறுத்தவும் நான் நினைக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏழு மாதம் ஆனது. அடி வாங்கி நொறுங்கிக் கிடந்த பெரிய கார் ஒன்றின் எஞ்சினைப் பிடுங்கி அந்தச் சின்ன வயிற்றுக்குள் உட்காரவைத்தாள். அது போதவில்லை. கோயம்புத்தூர்ப் பழைய இரும்புக் கடையிலிருந்து டர்போ என்று ஒன்றை வாங்கி வந்தாள். நத்தை ஓடு மாதிரி இரண்டு, முதுகோடு முதுகு ஒட்டினாற்போல இருந்தது.

"இது என்னடி செய்யும்?" என்று கேட்டேன்.

"எஞ்சின் வெளிய தள்ளுற பொகை இருக்குல்லம்மா, அது வீணாத்தானே போகுது? அது இந்தப் பக்கத்துச் சக்கரத்தச் சுத்தும். அதே தண்டுல அந்தப் பக்கம் ஒரு சக்கரம். அது வெளிக் காத்த உறிஞ்சி எஞ்சினுக்குள்ள திணிக்கும். காத்து கூடுனா பெட்ரோல் கூட எரிக்கலாம். எரிச்சா பலம்."

தன் புகையைத் தானே தின்று ஓடுகிற வண்டி என்று நான் புரிந்துகொண்டேன்.

முதன்முதலாக அதைக் கிளப்பிய அன்று நான் பக்கத்தில் நின்றேன். என் தம்பியும் நின்றான். குமுளி வழியாகக் காய்கறி லோடு ஓட்டுகிறவன். ஓய்வு நாளில் அக்காள் பட்டறையில் ஸ்பானர் பிடிப்பான். மகள் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, காற்று உள்ளே போகிற குழாய் வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். "மாமா, மிதிங்க," என்றாள். அவன் மிதித்தான். ஒரு விசில் சத்தம் எழும்பியது. தாள் அவள் கையில் இல்லை. பறித்துக்கொண்டு போய்விட்டது. இதென்ன என்று நான் குனிந்தேன், என் முந்தானை நுனி அந்த வாய்ப் பக்கம் எழுந்து நின்றது. மகள் என்னைத் தோளோடு பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டாள்.

"அம்மா! அங்கன நிக்காத! உள்ள சக்கரம் நிமிசத்துக்கு லட்சம் சுத்து சுத்துது. ஒரு சின்ன ஆணி போனாலும் எறக்கை ஒடிஞ்சி எஞ்சினுக்குள்ள போயிரும். அப்புறம் எண்ணெய் கொட்டித் தீப்பிடிக்கும். ஓட்டுறவ கதை அவ்வளவுதான்."

அன்றைக்கே அந்த வாயில் ஒரு வடிகட்டியை மாட்டி பானெட்டுக்குள் மூடிவிட்டாள். பிறகு அந்த வாயை நான் பார்க்கவில்லை.

வெள்ளோட்டம் பார்க்கும்போதெல்லாம் என்னைக் கூட்டிப் போவாள். ஒரு தடவை வீரபாண்டிப் பக்கம் திரும்பி வரும்போது எனக்குள் ஒன்று உறுத்தியது. டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம், மிதிக்கும்போது மட்டும். "கால எடுடி," என்றேன். எடுத்தாள். மறுநாள் பிரித்துப் பார்த்தாள், பிஸ்டன் தலையில் பொரிபொரியாகக் கொத்தியிருந்தது. இன்னும் இரண்டு கிலோமீட்டர் போயிருந்தால் ஓட்டை விழுந்திருக்குமாம். "கம்ப்யூட்டர் சொல்லாதத எங்கம்மா சொல்லிருச்சு," என்று என் தம்பியிடம் சொன்னாள். நான் கேட்காத மாதிரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயத்தில்தான் எங்களுக்கு ஆகாது. அதற்கு முந்திய வருடம் ஒரு ஜீப்பை வேலை முடித்து வெளியே அனுப்பும்போது நான் முன்கம்பியில் செவ்வரளி மாலையைச் சுற்றிக் கட்டினேன். போடிமெட்டு ஏறும்போது மாலை அவிழ்ந்து ரேடியேட்டரை அடைத்து, பாதி மலையில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. அந்த ஆள் பிறகு வரவேயில்லை. அன்று என் மகள் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "இனிமே எந்த வண்டியிலயும் எதையும் கட்ட மாட்டேன்னு சொல்லு," என்றாள். நான் சொன்னேன். சொன்னதைச் செய்கிறவள் என்று எனக்குப் பெயர். ஒருநாள் விடியற்காலை வரைக்கும் அந்தப் பெயர் சரியாகத்தான் இருந்தது.

ஆண்டிபட்டிக்கு அந்தாண்டை மானாவாரிக் காட்டுக்குள் புதிதாக ஒரு சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தார் வேலை முடிந்துவிட்டது, திறக்கவில்லை. தோட்டத்துக்காரருக்கு அந்தச் சாலைக் காண்டிராக்டர் சொந்தம். நான்கு கிலோமீட்டர் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். மேற்குக் கோடியிலிருந்து இரண்டு காரும் சேர்ந்து கிளம்ப வேண்டும், கிழக்குக் கோடியில் கிழித்த வெள்ளைக் கோட்டை எது முதலில் தாண்டுகிறதோ அது ஜெயித்தது. காற்று கிளம்பிவிட்டால் அந்தக் காட்டில் சின்ன வண்டி தள்ளும், அதனால் விடிந்ததும் ஓட்டம் என்று பேசினார்கள்.

முந்தின நாள் நான் கோம்பைக்குக் குலசாமி கோயிலுக்குப் போனேன். எங்கள் வழக்கத்தில் புது வண்டி பெரிய ஓட்டத்துக்குக் கிளம்பும் முன் மஞ்சள் துணியில் ஒன்றேகால் ரூபாய்க் காணிக்கையும் திருநீறும் வைத்து முடிந்து வண்டியில் கட்டுவோம். திரும்பி வந்ததும் அவிழ்த்துக் கோயிலில் செலுத்துவோம். என் வீட்டுக்காரர் வாங்கிய எல்லா வண்டியிலும் கட்டினேன். ஒன்றே ஒன்றில் கட்ட விட்டுப்போனது. அந்த வண்டியில்தான் அவர் உயிர் போனது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, மகளிடமும் இல்லை. அவளை இருநூற்றைம்பது வேகத்தில் வெறும் வண்டியில் விட என் மனம் கேட்கவில்லை. முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு ஊர் திரும்பினேன். நான் வருவதற்குள் அவளும் என் தம்பியும் பட்டறையில் வண்டியை முடித்து, படுதா போட்டு மூடிவிட்டிருந்தார்கள்.

காலையில் சாலையின் கிழக்குக் கோடியில் படுதாவை எடுத்தபோது பார்த்தேன். முன்னால் இடது விளக்கு இல்லை. அந்த இடத்தில் ஓட்டை. உள்ளே ஒரு அலுமினியக் குழாய் தெரிந்தது. பின் இருக்கை, ஸ்டெப்னி, தரை விரிப்பு எல்லாவற்றையும் எடை குறைய வேண்டும் என்று முன்பே கழற்றியிருந்தாள். விளக்கையும் அப்படித்தான் கழற்றியிருக்கிறாள் என்று எண்ணினேன். கேட்டிருக்கலாம். எஞ்சின் விஷயத்தில் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

அவளும் தோட்டத்துக்காரரும் அவருடைய காரில் ஏறி, சாலையில் கல் கிடக்கிறதா என்று பார்க்கப் போனார்கள். என் தம்பி வெள்ளாடுகளைச் சாலையை விட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். நானும் வண்டியும்தான். மின்சாரக் காற்றாடிகள் தூரத்தில் சும்மா நின்றன, ஒரு இலைகூட ஆடவில்லை. இடுப்பிலிருந்து முடிச்சை எடுத்தேன். வெளியே கட்டினால் கண்டுபிடித்துவிடுவாள். அந்த விளக்கு ஓட்டைக்குள் கையை விட்டேன். விளக்கைத் தாங்குகிற கம்பி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. அதில் மஞ்சள் நூலால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டி, வெளியே தெரியாமல் உள்ளே தள்ளிவிட்டேன். மனம் லேசாகிவிட்டது. உண்மையாகவே லேசாகிவிட்டது.

அவர்கள் திரும்பி வந்து தலைக்கவசம் மாட்டினார்கள். தன் செல்போனை என்னிடம் கொடுத்தாள் மகள். "பயமா இருக்காம்மா?" என்றாள்.

"எனக்கென்ன பயம். நீ சித்தப்பாவப் பின்னால விட்டுட்டு வா."

"மதினி, வாயக் குடுக்காதீக," என்றார் அவர். "நான் கோட்டைத் தாண்டி, இட்லி சாப்பிட்டு, கை கழுவிட்டு நிப்பேன்."

என் தம்பியிடம் ஏற்பாட்டை மறுபடி சொன்னார். சாலை காலியாக இருந்தால் அவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். மணி அடித்ததும் அவர் கட் செய்துவிட்டு என் மகளுக்குக் கை காட்டுவார், இருவரும் கிளம்புவார்கள். அந்தக் காலத்தில் எல்லாக் காரியமும் மிஸ்டு காலில்தான் நடந்தது. பஸ் வந்துவிட்டது என்றால் ஒரு மிஸ்டு கால், சோறு வடித்தாயிற்று என்றால் ஒரு மிஸ்டு கால். எடுத்துப் பேசினால்தான் காசு. யாரும் எடுக்க மாட்டார்கள்.

இரண்டு காரும் மெல்ல மேற்கே போயின. மகள் ஊர்வலம் போகிற மாதிரி மெதுவாக ஓட்டிப் போனாள். கொஞ்ச நேரத்தில் புள்ளியாகி, புள்ளியும் தெரியவில்லை. என் தம்பி வெள்ளைக் கோட்டருகே நின்று துண்டை உதறித் தோளில் போட்டான். வண்டி கோட்டைத் தாண்டும்போது துண்டை வீசிக் காட்டுவது அவன் வேலை.

"ஒத்தக் கண்ணன் மாதிரில்ல போகுது," என்றேன், சும்மா பேச்சுக்கு. "ஒரு விளக்கக் கழட்டுனா எவ்வளவு எடை கொறைஞ்சிரப் போகுது? ரெண்டையும் கழட்ட வேண்டியதுதானே?"

"எடைக்கில்லக்கா. அதுதான் மூக்கு."

"என்ன மூக்கு?"

"டர்போ மூச்சு விடுற மூக்கு. நேத்துச் சாயங்காலம் வடிகட்டியத் தூக்கிட்டு, குழாய விளக்கு ஓட்டைக்குக் கொண்டு வந்துட்டோம். எதிர்க் காத்து நேரா உள்ள போகும்ல. மருமக மூளை யாருக்கு வரும்?"

பில் புத்தகத் தாள் பறந்தது கண்முன் வந்தது. முந்தானை எழுந்து நின்றது வந்தது. ஒரு சின்ன ஆணி போனாலும் என்றாள். நான் வைத்தது ஒரு ரூபாய்க் காசு, ஒரு கால் ரூபாய்க் காசு, ஒரு சாண் துணி. மஞ்சள் நூலின் பலத்தில் தொங்குகிறது.

"போன் போடுடா," என்றேன். "நிறுத்தச் சொல்லு."

"என்னக்கா?"

"போடுடா! அதுக்குள்ள நான் காணிக்கை முடிச்சுக் கட்டியிருக்கேன்!"

அவன் செல்போனை எடுத்தான். பொத்தானை அமுக்கிக் காதில் வைத்தான். ஒரு மணி அடித்தது, எனக்கே கேட்டது. பிறகு நின்றது.

"கட் பண்ணிட்டாக," என்றான். சொன்ன வாய் அப்படியே திறந்திருந்தது. "ஐயோ அக்கா. மணி அடிச்சா கிளம்பணும்னுல்ல பேசி வச்சோம்."

இருவரும் மேற்கே பார்த்தோம். அவன் மறுபடி போட்டான், அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எடுக்கக் கை எங்கே இருக்கும்? எங்கள் கையை நாங்கள் சும்மா வைத்திருந்தால் அந்த வண்டி நகர்ந்தே இருக்காது. தம்பி பைக்கில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நிறுத்து என்று அடித்த மணிதான் கிளம்பு என்று சொல்லியது.

முதலில் தோட்டத்துக்காரர் கார் சத்தம் வந்தது. தடித்த சத்தம். அதற்குள்ளே மெல்லியதாக ஒரு விசில். அந்த விசிலை நான் ஏழு மாதம் கேட்டிருக்கிறேன்.

தம்பி துண்டைச் சுழற்றிக்கொண்டு குதித்தான். "டேய், அத ஆட்டாத," என்றேன். "கோட்டக் காட்டுறன்னு நெனச்சு இன்னும் மிதிப்பா." கையில் வேறு ஒன்றும் இல்லை. அவளுக்கு என்னைத் தெரியும். எதற்கும் ஓட மாட்டேன், பதற மாட்டேன், காரணமில்லாமல் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்று தெரியும். நான் வெள்ளைக் கோட்டைத் தாண்டி, வண்டிகள் வருகிற பக்கமாக நடந்து, சாலையின் நட்ட நடுவில் நின்றேன்.

"அக்கா, பைத்தியமா ஒனக்கு! வாக்கா இங்கன!" தம்பி கையைப் பிடித்து இழுத்தான்.

"கைய விடுடா. நீ ஓரமாப் போ."

"ஒரு நிமிசத்துல வந்துரும்க்கா!"

"வரட்டும். நான் நிக்கிறது தெரியணும்."

அவன் விடவில்லை. ஓங்கி ஒரு அறை கொடுத்தேன், ஐம்பது வயதுக்காரனை. விட்டான்.

சாலைக் கோடியில் இரண்டு புள்ளிகள் தோன்றின. வலப்பக்கத்துப் புள்ளி முன்னால் இருந்தது. இடப்பக்கத்தது சிவப்பு, கூடிக்கொண்டே வந்தது. தார் மேல் அவை ஆடுகிற மாதிரி இருந்தது. நான் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டுக் காதைக் கொடுத்தேன். விசில் ஏறியது, ஏறியது, இன்னும் ஏறியது. அப்புறம் அதில் ஒரு கீறல் விழுந்தது. கம்பியை ரம்பத்தில் வைத்த மாதிரி ஒரு கிரீச்சல். போய்விட்டது என்று தெரிந்தது. ஆனால் கால் எடுக்கவில்லை அவள். எஞ்சின் சத்தம் குறையவில்லை. எடுடி என்று கத்தினேன். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்கு எப்படிக் கேட்கும்? எடுடி, எடுடி என்று நான் சொல்லிக்கொண்டேயிருந்தேன். கையை விரித்தேன். நகரவில்லை.

சத்தம் அறுந்தது.

அதற்குப் பிறகு டயர் தேய்கிற ஓலம் மட்டும்தான். தோட்டத்துக்காரர் கார் ஓரம் ஒதுங்கி, மண்ணைக் கிளப்பிக்கொண்டு நின்றது. சிவப்புக் கார் இப்படி ஒரு அசைப்பு, அப்படி ஒரு அசைப்பு அசைந்து, நேராகி, முன்பக்கம் தரையில் முகம் குத்துகிற மாதிரி குனிந்து, எனக்கு முப்பது அடி முன்னால் வந்து நின்றது. பின்னாலிருந்து வெள்ளைப் புகை சுருண்டு வந்தது. எண்ணெய் எரிகிற வாசம். அவள் கதவைத் திறந்து இரண்டு காலில் இறங்கினாள். இரண்டு கால், இரண்டு கை. எண்ணிப் பார்த்தேன்.

தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் எறிந்தாள். "என்னம்மா நெனச்சுக்கிட்டிருக்க நீ! ஒன்ன அடிச்சுத் தள்ளியிருப்பேன்!"

"தீப்பிடிக்கப் போகுது, முதல்ல அதப் பாரு," என்றேன்.

தம்பி மண்ணை அள்ளிக்கொண்டு ஓடிவந்தான். தீ பிடிக்கவில்லை. அவள் பானெட்டைத் தூக்கினாள். குழாயைக் கழற்றினாள். உள்ளே இருந்த சின்னச் சக்கரத்தின் இறக்கைகள், எலி கடித்த முறுக்கு மாதிரி இருந்தன. தோட்டத்துக்காரர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"எப்ப டர்போ மீட்டர் ஊசி எறங்குச்சு?" என்று அவளைக் கேட்டார்.

"ரெண்டாவது கிலோமீட்டர் தாண்டினதும். காத்து ஏறல. ஏதோ ஒடஞ்சிருச்சுன்னு தெரிஞ்சது." குரல் இறங்கியது. "ஆனா நீங்க அரை வண்டி நீளம்தான் முன்னால இருந்தீக. கால எடுக்க மனசு வரல சித்தப்பா. அம்மாவப் பார்த்துத்தான் எடுத்தேன்."

"பார்த்தியா!" அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "இன்னும் கொஞ்சம் மிதிச்சிருந்தா வண்டியே உருண்டிருக்கும். சக்கரம் ஒடைஞ்சது ரெண்டு கிலோமீட்டர் தள்ளி நிக்கிற மதினிக்கு எப்படித் தெரிஞ்சது? சாமிதான் மதினி ஒங்கள நிக்க வச்சது. குலசாமி வந்து மறிச்சிருக்கு."

தம்பி தரையைப் பார்த்தான். அதே நேரத்தில் என் மகள் குழாய்க்குள் இரண்டு விரலை விட்டு எதையோ இழுத்தாள். மஞ்சள் கந்தல். பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவர் பக்கம் முதுகு திரும்பியிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. அவள் விரலை மடக்கிக் கந்தலைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

எனக்காக மூடினாள். அத்தனை கோபத்திலும் மூடினாள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், குலசாமி மறித்த கதை ஊர் முழுக்கப் போகும். நான் பெரிய மனுஷி ஆகிவிடுவேன். ஒடிந்தது அவள் வேலையின் குறை என்று ஆகும். பொம்பளைப் பிள்ளை மாட்டிய டர்போ பாதி வழியில் உடைந்தது என்பார்கள்.

"கையத் தொற," என்றேன்.

"விடும்மா."

"தொறடி. அவருக்குக் காட்டு." அவள் திறக்கவில்லை. நான் அவரிடமே சொன்னேன். "சாமி ஒண்ணும் வரல. அந்த மூக்குல காணிக்கை முடிச்சக் கட்டினது நான். கட்ட மாட்டேன்னு இவகிட்டச் சொல்லிட்டுத்தான் கட்டினேன். காசு உள்ள போயிச் சக்கரத்த ஒடச்சிருச்சு. இவ வேலையில ஒரு குத்தமும் இல்ல. அதத் தெரிஞ்சுக்கங்க."

என் வாழ்நாளில் அத்தனை பேர் முன்னால் நான் குற்றம் ஒப்புக்கொண்டது அதுதான். அத்தனை பேர் என்றால் மூன்று பேர்தான். எனக்கு அது பெரிய கூட்டம்.

அவர் தாடையைச் சொறிந்தார். பிறகு தன் காருக்குப் போனார். முன்னால் மண்டியிட்டு, பம்பருக்கு அடியில் கையை விட்டு எதையோ அறுத்து எடுத்தார். காய்ந்துபோன எலுமிச்சம்பழமும் நாலு மிளகாயும்.

"எங்க ஆத்தா கட்டினது," என்றார். "வெளிநாட்டுக்காரன் பார்த்தா மானம் போயிரும்னு உள்ள தள்ளிக் கட்டியிருந்துச்சு." அதைக் காட்டுக்குள் வீசினார். "ஏத்தா, ஓட்டம் முடியல. ரோடு தொறக்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. வேற சக்கரம் வாங்கு."

என் மகள் எட்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைத்தால் சாப்பிடுவாள், தட்டைக் கழுவி வைப்பாள். பட்டறையிலிருந்து "பத்தாம் நம்பர் ஸ்பானர்" என்று தம்பியிடம் கேட்கிற குரல் மட்டும் கேட்கும். காற்றைக் குளிர வைக்கிற பெட்டிக்குள் இறக்கைத் துண்டுகள் சிக்கிக் கிடந்ததால் எஞ்சின் பிழைத்துக்கொண்டது என்றும், ஒரு ரூபாய்க் காசு அவரைவிதை மாதிரிச் சுருண்டு கிடைத்தது என்றும் தம்பி வந்து சொன்னான். ஒன்பதாம் நாள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா போன வண்டியில கட்டல. அதானே?"

நான் அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்கவில்லை. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல." நிலைப்படியில் உட்கார்ந்தாள். "சொல்லியிருந்தா நானே எடம் காட்டியிருப்பேன்ல. டிக்கியில கட்டியிருக்கலாம்."

மறுபடி அந்தச் சாலைக்குப் போனோம். அதே விடியற்காலை, அதே விளக்கு ஓட்டை. கிளம்பும் முன் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"மோதிரத்தக் கழட்டு," என்றாள். கழற்றினேன். "சேலைய நல்லா இழுத்துச் செருகு. இப்ப கைய உள்ள விடு."

முழங்கை வரைக்கும் விட்டேன். குழாய் சில்லென்று இருந்தது. சுற்றிலும் தடவினேன், மேலே, கீழே, அந்தக் கம்பி, அதன் பின்பக்கம். திரும்ப ஒரு தடவை தடவினேன். தோட்டத்துக்காரர் பொறுமையாக நின்றார். மஞ்சள் முடிச்சு டிக்கிக்குள் கொக்கியில் தொங்கியது, அவளே கட்டியது.

"என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"நல்லாப் பார்த்துட்டியா?"

"ஒண்ணுமில்லங்கிறேன்ல. போ."

தம்பிக்கும் புது ஏற்பாடு. மிஸ்டு கால் கிடையாது. எடுத்துப் பேச வேண்டும், பேசினால்தான் கிளம்ப வேண்டும். அன்று அவன் போனில் "போலாம், போலாம், ரோடு காலி" என்று நான்கு தடவை கத்தினான். நான் வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஓரத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். விசில் ஏறியது. அதில் கீறல் விழுகிறதா என்று கேட்டுக்கொண்டே நின்றேன். விழவில்லை. என் முன்னால் கடக்கும்போது சிவப்பாக ஒரு காற்று போனது, அவ்வளவுதான். அதற்கு அப்புறம்தான் அவருடைய கார் போனது.

பன்னிரண்டு ஜீப்பும் வந்தன. ஜீப்புக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். டர்போ மாட்டிய எந்த வண்டி பட்டறையை விட்டு வெளியே போனாலும் என் மகள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். நான் மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போவேன்.